ரவுட்டருக்குத் தெரிந்த கேமராவும் தெரியாத கேமராவும்

சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதி. 2018 டிசம்பர். குளியலறையில் ஹேர் டிரையரைச் சொருகப் போன பெண்ணுக்கு சாக்கெட்டில் பிளக் இறங்கவில்லை. ஏன் என்று பார்த்தால் உள்ளே கேமரா. அதன் பிறகு அங்கிருந்த பெண்கள் செல்போனில் ஒரு செயலியை இறக்கி அறை அறையாகத் தேடினார்கள். இன்னும் சில கேமராக்கள் அகப்பட்டன. விடுதியை நடத்தியவரே கைதானார். மறுநாள் செய்திகளில் சாக்கெட் பின்னுக்குப் போய்விட்டது. செயலிதான் கதாநாயகன் ஆனது.

அன்று தொடங்கிய அறிவுரை இன்னும் ஓயவில்லை. ராயகிரி போன்ற ஊரிலிருந்து கோவைக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கும், சென்னைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ரூம் போடும் குடும்பத்துக்கும் வாட்ஸ்அப்பில் வந்து விழுவது ஒரே பாட்டு: “ரூமுக்குள்ள போனதும் ஆப்பைப் போட்டு ஒரு தடவை பாத்துக்கோ.”

இந்த ஒரு வரியில் வேறு வேறு வித்தைகள் கலந்து கிடக்கின்றன. காந்தப்புலத்தை அளந்து ‘பீப்’ அடிக்கும் செயலிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. போனுக்குள் இருக்கும் திசைகாட்டி உணரிக்கு இரும்பு தெரியும். கட்டில் காலுக்கும் ஆடும், சுவருக்குள் ஓடும் கம்பிக்கும் ஆடும். வைஃபையில் சேர்ந்திருக்கும் கருவிகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஸ்கேன் அப்படிப்பட்ட ஏமாற்று வேலை இல்லை. அதில் உண்மையான பொறியியல் இருக்கிறது. ஆகவே அதை எடை போட்டுப் பார்ப்பதில் பயன் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டில், நம் கைக்குள் இருக்கும் ரவுட்டரில், இது அருமையான பழக்கம். அடுத்தவர் அறையில் ஒளிந்திருக்கும் கேமராவைத் தேட இதை மட்டும் நம்பினால் மோசம் போவோம். நம் ஜனங்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். வீட்டில் ஒருநாளும் பார்ப்பதில்லை. லாட்ஜில் மட்டும் பார்க்கிறார்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். ஃபைபர் இணைப்பு வாங்கிய வீட்டில் டிவிக்குப் பக்கத்திலோ வாசல் நிலைக்கு மேலோ ரவுட்டர் தொங்கும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும், 192.168.1.1 அல்லது அதுபோல ஒன்று. பிரவுசரில் அதை அடித்து, ஸ்டிக்கரில் உள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். அங்கே ‘இணைந்துள்ள கருவிகள்’ என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஓர் ஐபி எண், ஒரு மேக் முகவரி. ஃபிங் போன்ற செயலிகளும் இதே வேலையைத்தான் வெளியிலிருந்து செய்து பார்க்கின்றன.

பெயரை நம்ப வேண்டாம், அது யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. மேக் முகவரிதான் விஷயம். பன்னிரண்டு இடங்கள் கொண்ட அந்த முகவரியில் முதல் ஆறு இடங்கள் நெட்வொர்க் சிப்பையோ கருவியையோ செய்த நிறுவனத்தைச் சொல்லும். ஐ ட்ரிபிள் ஈ என்ற பொறியாளர் அமைப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த எண்கள் அவை. இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். கேமரா மட்டுமே செய்து விற்கும் நிறுவனத்தின் பெயர் வந்தால், வீட்டில் கேமரா எதுவும் நாம் வைக்கவில்லை என்றால், அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும்.

செல்போன்கள் இதில் ஒரு குழப்பம் செய்யும். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதல், ஐஓஎஸ் 14 வந்த 2020 முதல், போன்கள் வைஃபைக்குத் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் இட்டுக்கட்டிய ஒன்றைக் காட்டுகின்றன. பட்டியலில் பாதிக்கு மேல் ‘தெரியாத நிறுவனம்’ என்று வந்தால் பதற வேண்டியதில்லை. முகவரியின் இரண்டாவது இடத்தைப் பாருங்கள். அதில் 2, 6 அல்லது ஏ, ஈ ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது இட்டுக்கட்டிய முகவரி. அநேகமாக மாப்பிள்ளையுடைய போனோ பக்கத்து வீட்டுப் பையனுடைய போனோ. கேமராக்கள் பொதுவாக இந்த வேஷம் போடுவதில்லை. ஆலையில் கொடுத்த முகவரியோடேயே வந்து நிற்கும்.

அடுத்த படி, ஒவ்வொரு கருவியிலும் எந்தெந்த போர்ட், அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல், திறந்திருக்கிறது என்று பார்ப்பது. 554 என்பது ஆர்டிஎஸ்பி என்ற வீடியோ நெறிமுறைக்கு உரியது. கேமராவும், அதன் படங்களைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டியும்தான் பெரும்பாலும் அதைத் திறந்து வைத்திருக்கும். அது திறந்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி. மூடியிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. இன்று கடையில் விற்கும் மலிவான வைஃபை கேமராக்களில் பல உள்ளே யாரையும் விடாமல், தாமாகவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசிக்கொள்கின்றன. ஒரு திசையில் மட்டும் சாட்சி சொல்லும் சோதனை இது. இந்த ஒருதலைச் சாட்சியம் ஸ்கேன் முறை முழுக்கவே உண்டு. ஆனால் செயலிகள் அதைச் சொல்வதில்லை. பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டு ‘பாதுகாப்பாக உள்ளது’ என்று காட்டிவிடுகின்றன.

முறையின் பலத்தில் நான் உயர்வாக மதிப்பது போர்ட்டை விட்டு அடுத்துள்ள விஷயம்: எவ்வளவு தரவு வெளியே போகிறது என்பது. வீட்டில் பொதுவாக எல்லாக் கருவிகளும் உள்ளே இழுப்பவை. டிவி படம் இழுக்கிறது, போன் ரீல்ஸ் இழுக்கிறது. வெளியே தொடர்ச்சியாகத் தள்ளும் கருவி அரிது. கேமரா தள்ளும், முழு எச்டி தரத்தில் ஓடினால் நொடிக்கு ஒன்றிரண்டு மெகாபிட் அளவுக்குத் தள்ளும். படத்தில் அசைவு இருந்தால் அளவு கூடும், அறை சும்மா கிடந்தால் குறையும். வீடியோவைச் சுருக்கும் முறையே அப்படி. கேமரா என்ன அனுப்புகிறது என்பது மறையாக்கத்துக்குள் இருந்தாலும், எவ்வளவு அனுப்புகிறது என்பதை ஒளிக்க முடியாது. நீங்கள் அறைக்குள் நடக்கும்போது ஒரு கருவியின் வெளியேற்றம் ஏறுகிறது, உட்கார்ந்தால் இறங்குகிறது என்றால், அந்தக் கருவி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போயிருக்கிறார்கள். 2018இல் வெளிவந்த டிவைகேம் என்ற ஆய்வு, வைஃபைக்குள் சேராமலேயே காற்றில் போகும் பொட்டலங்களின் நடமாட்டத்தை வைத்துக் கேமராவை அடையாளம் காண முடியும் என்று காட்டியது. 2022இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் குழு லூமோஸ் என்ற முறையை முன்வைத்தது. ஆயிரம் சதுர அடியுள்ள இரண்டு படுக்கையறை வீட்டில் அரை மணி நேரத்தில், ஒளித்து வைத்த கருவிகளை 95 சதவீதத் துல்லியத்தோடு இனம் காட்டி, சுமார் ஒன்றரை மீட்டர் பிழைக்குள் இடத்தையும் சொல்லியது அது. சாதாரணச் செயலிகளிடம் இந்தத் திறமையை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வழி சரியான வழி என்பதற்கு இவை சான்று.

இனி குறைகள். இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

வைஃபை பட்டியல் ரேஷன் கார்டைப் போன்றது. பெயர் சேர்த்தவர்களைக் காட்டும். வீட்டில் வந்து தங்கியிருப்பவரைக் காட்டாது. மெமரி கார்டில் பதிந்துகொண்டு, பிறகு யாராவது வந்து கழற்றி எடுத்துப்போகும் கேமரா எந்த வைஃபையிலும் சேராது. பேனா, கடிகாரம், சார்ஜர் வடிவில் ஆன்லைனில் விற்பவற்றில் பல இந்த ரகம். சிம் போட்ட கேமராவும் சேராது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துத் தோப்புக்காரர்களுக்கு இது புதிதில்லை: பன்றியும் யானையும் இறங்கும் தென்னந்தோப்பில் சோலார் தட்டு வைத்து, 4ஜி சிம் போட்டு மாட்டும் கேமரா ஊருக்குள் இருக்கும் வீட்டு ரவுட்டரைத் தொடுவதே இல்லை. அதே கேமரா தோப்பில் தொங்கினால் காவல். ஒரு லாட்ஜ் அறையின் பரணில் இருந்தால் ரவுட்டருக்குத் தெரியாத கண். கம்பி வழியாக டிவிஆருக்குப் போகும் பழைய ரகக் கேமராவும் பட்டியலில் தனியாக வராது. பின்னால் எட்டு கேமரா இருந்தாலும் டிவிஆர் ஒன்றுதான் ஒரு வரியாக நிற்கும்.

வைஃபையில் சேர்ந்த கேமராவாகவே இருந்தாலும், அது உங்களுக்குக் கொடுத்த வைஃபையில்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? லாட்ஜ்காரர் விருந்தினருக்கு ஒரு பெயர், அலுவலகத்துக்கு ஒரு பெயர் என்று இரண்டு வைஃபை வைத்திருப்பார். விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைப்பதும் வழக்கம். பாதுகாப்புக்காகச் செய்யும் நல்ல ஏற்பாடுதான் அது. விளைவு, உங்கள் ஸ்கேனில் உங்கள் போனும் ரவுட்டரும் மட்டும் தெரியும். பார்ப்பவருக்கு ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று தோன்றும்.

செல்போன்களே இப்போது இந்த வேலைக்கு முன்பு போல ஒத்துழைப்பதில்லை. அண்மைக் காலப் பதிப்புகளில் ஐபோனும் ஆண்ட்ராய்டும், செயலிகள் மற்றக் கருவிகளின் மேக் முகவரியைப் படிப்பதைத் தடுத்துவிட்டன. அந்தரங்கக் காப்புக்காகச் செய்த மாற்றம் அது. அந்தரங்கத்தைத் தேடும் செயலியின் கண்ணை அதுவே மறைக்கிறது. ரவுட்டரின் உள்பக்கத்தில் அந்தத் தடை இல்லை. வீட்டில் ரவுட்டர் நம்முடையது, லாட்ஜில் நம்முடையதில்லை என்ற வித்தியாசம் இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிதாகிறது.

பொய்யெச்சரிக்கையின் தொல்லை வேறு. எஸ்பிரெசிஃப் என்ற ஷாங்காய் நிறுவனத்தின் பெயர் பல வீட்டுப் பட்டியல்களில் வரும். அதன் சிப் ஸ்மார்ட் பல்பிலும் இருக்கிறது, ஸ்மார்ட் பிளக்கிலும் இருக்கிறது, சில நூறு ரூபாய்க்கு விற்கும் சின்னக் கேமரா பலகையிலும் இருக்கிறது. பெயரை மட்டும் வைத்து மூன்றையும் பிரிக்க முடியாது. ஒவ்வொன்றாக மின்சாரத்தை நிறுத்தி எது பட்டியலிலிருந்து விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி. அதற்கும் சொந்த வீடாக இருந்தால்தான் தோது.

தமிழ்நாட்டில் அண்மையில் பிடிபட்ட கேமராக்கள் எப்படிப் பிடிபட்டன என்று பார்த்தாலும் இதே கதைதான். ராமேஸ்வரத்தில் 2024 டிசம்பரில், அக்னி தீர்த்தக் கடற்கரைக்கு அருகே, தீர்த்தமாடிய பெண்கள் காசு கொடுத்து உடை மாற்றும் தனியார் அறையில் ஒரு கேமரா இருந்தது. உடை மாற்றப் போன பெண்ணின் கண்ணில்தான் அது பட்டது. 2025 நவம்பரில் ஓசூர் அருகே மின்னணு ஆலைத் தொழிலாளர்களுக்கான பெண்கள் விடுதியில், குளியலறையில் இருந்த கேமராவையும் தங்கியிருந்தவர்களே பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு போராடினார்கள், அதே விடுதியில் தங்கியிருந்த பெண் ஒருவர் கைதானார். ஆதம்பாக்கத்தில் பிளக் இறங்காத சாக்கெட். மூன்று இடத்திலும் முதலில் வேலை செய்தது கண்ணும் சந்தேகமும். தீர்த்தக்கரையில் ஈரச்சேலையோடு நிற்கும் பெண்ணிடம் வைஃபையை ஸ்கேன் செய் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஆகவே அயல் அறையில் கண்ணுக்குத்தான் முதல் இடம். விளக்கை அணைத்து, போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, குளியலறையையும் கட்டிலையும் நோக்கியிருக்கும் சாக்கெட், புகை உணரி, கடிகாரம், செட்டாப் பாக்ஸ், ஹீட்டர், ஓட்டை எல்லாவற்றையும் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். லென்ஸ் இருந்தால் ஊசிமுனை போல ஒரு புள்ளி திரும்ப மினுங்கும். இருட்டில் படமெடுக்கும் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது, சில போன்களின் முன்பக்கக் கேமராவில் தெரியும். வீட்டு ரிமோட்டை அழுத்திப் பார்த்து உங்கள் போனில் தெரிகிறதா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ளலாம். கண்ணும் அப்பழுக்கற்றதில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் செய்த ஆய்வில், வெறும் கண்ணால் தேடியவர்கள் ஒளித்து வைத்த கேமராக்களில் 46 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். சில உயர்ரக போன்களில் தூரத்தை அளக்க இருக்கும் லேசர் உணரியைப் பயன்படுத்தியபோது அது 88.9 சதவீதமாக ஏறியது. கண் பாதிக்குப் பாதி என்றாலும், மெமரி கார்டு கேமராவும் சிம் கேமராவும் கண்ணுக்குத் தப்பினால் ஸ்கேனுக்கும் தப்பும். ஸ்கேனுக்குத் தப்பியவை கண்ணுக்கு அகப்படலாம்.

‘ஒன்றுமில்லை’ என்ற விடையை எவராலும் உறுதியாகத் தர முடியாது என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் ஆந்திரத்தின் குட்லவல்லேறு ஊரில், பொறியியல் கல்லூரி மாணவியர் விடுதியின் கழிப்பறையில் கேமரா இருப்பதாகப் பேச்சு கிளம்பி, மாணவிகள் இரவெல்லாம் போராடினார்கள். போலீஸ் தேடிப் பார்த்து, எதுவும் அகப்படவில்லை என்றது. அதைக் கேட்டு எல்லோருக்கும் மனம் அமைதியாகிவிடவில்லை. இருக்கிறது என்று காட்ட ஒரு கேமரா போதும்; இல்லை என்று காட்ட எந்தக் கருவியும் போதாது. செயலி விற்பவர்கள் இந்தப் பயத்தையும் விற்கிறார்கள், அதற்கு மருந்தாகப் பச்சை டிக்கையும் விற்கிறார்கள்.

சொந்த வீட்டுக்குத் திரும்புவோம். நம் பக்கத்து வீடுகளில் இன்று பெரிய ஆபத்து என்று நான் நினைப்பது யாரோ ஒளித்து வைத்த கேமராவை அல்ல. நாமே காசு கொடுத்து மாட்டிய கேமராவை.

மாட்டுகிறவர் வருகிறார், வாசலுக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று என்று மாட்டுகிறார். தன் போனில் செயலியைப் போட்டு, தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, படம் தெரிகிறதா என்று பார்க்கிறார். அப்புறம் வீட்டுக்காரர் போனிலும் ஏற்றிக் கொடுக்கிறார். “அண்ணாச்சி, பாஸ்வேர்டு நானே போட்டுட்டேன். ஏதும் மக்கர் பண்ணிச்சுன்னா ஒரு போன் அடிங்க, அங்க இருந்தே பாத்துச் சரி பண்ணிருதேன்.” அண்ணாச்சிக்குப் பெரிய நிம்மதி. ‘அங்கிருந்தே பார்த்து’ என்ற சொல் காதில் விழுவதில்லை. அந்தத் தம்பி யோக்கியராகவே இருக்கலாம். அவர் போன் தொலையலாம், கடையில் வேலைக்கு வந்த பையன் மாறலாம், ஒரே கடவுச்சொல்லை ஊரில் எல்லா வீட்டுக்கும் அவர் போட்டிருக்கலாம்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று தள்ள முடியாது. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், ஆலையில் போட்ட கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டதை வரிசையாக முயன்றே உலகமெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் ரவுட்டர்களையும் வசப்படுத்தியது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவியிலிருந்து பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் திருடப்பட்டு டெலிகிராமில் விலைக்குப் போனது 2025 பிப்ரவரியில் வெளியே வந்தது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்தான் அங்கே வாசலைத் திறந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் தென் கொரியக் காவல் துறை, சுமார் 1,20,000 ஐபி கேமராக்களுக்குள் புகுந்த நான்கு பேரைக் கைது செய்ததாக அறிவித்தது. அவற்றில் வீட்டுக் கேமராக்களும் ஏராளம். 2019இல் அதே நாட்டில் 30 விடுதிகளின் 42 அறைகளில் ஒளித்து வைத்த கேமராக்கள் மூலம் சுமார் 1,600 பேரின் அந்தரங்கம் நேரலையாக விற்கப்பட்டது பெரிய செய்தியாயிற்று. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒளித்து வைத்தவை நாற்பது சொச்சம் அறைகளில், வெளிப்படையாக மாட்டி, பூட்டாமல் விட்டவை லட்சத்துக்கு மேல்.

வீட்டு நெட்வொர்க்கை ஸ்கேன் செய்யும் பழக்கம் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான், அதுவும் அரைவாசிதான். எத்தனை கேமரா உள்ளே இருக்கிறது, மாட்டியவர் கூடுதலாக ஏதாவது விட்டுப் போயிருக்கிறாரா, பழைய டிவிஆர் இன்னும் உயிரோடு இருக்கிறதா, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கேமரா நம் வைஃபையில் தொங்குகிறதா, எல்லாம் பட்டியலில் தெரியும். அந்தக் கேமராவை எத்தனை பேர் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்பது தெரியாது. அது ரவுட்டரில் இல்லை. கேமராவின் செயலிக்குள், ‘பகிரப்பட்ட பயனர்கள்’ என்ற பக்கத்தில் இருக்கிறது. முதலில் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாட்டியவரின் பெயரில் இருந்தால், கேமராவின் பின்னால் இருக்கும் சிறு துளையில் ஊசியை அழுத்தி ரீசெட் செய்து, நம் பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டும். சில தயாரிப்புகளில் பழைய கணக்குக்காரர் தன் செயலியிலிருந்து நீக்கினால்தான் இது நடக்கும். அப்படியானால் அவரை வீட்டுக்கு வரவழைத்து, கண் முன்னால் நீக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரவுட்டரின் ஸ்டிக்கர் கடவுச்சொல்லையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சிக்கலை எந்த ஸ்கேனும் தொடாது. மகன் வெளிநாட்டில். வயதான பெற்றோருக்குத் துணை என்று ஹாலில் கேமரா. அந்த ஹாலில்தான் மருமகளும் உட்காருகிறாள், அவளைப் பார்க்க அவள் அம்மா வந்தால் அங்கேதான் பேசுகிறாள். கேமரா ஒளிந்திருக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்தில், ஒரே வீட்டில் வசிக்கும் சகோதரர்களின் வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொன்னது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் சொன்னதன் நீட்சிதான் இது. எல்லோரும் குடும்பத்தார்தானே என்ற சமாதானம் சட்டத்தின் முன் எடுபடாது.

அயல் அறையில் ஏதாவது அகப்பட்டுவிட்டால் செய்யக்கூடாதவை சில உண்டு. பட்டியலில் ஒரு கேமராவைப் பார்த்ததும் அதன் ஐபி எண்ணைத் திறந்து கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதை யூடியூபில் சிலர் வீரமாகக் காட்டுகிறார்கள். அடுத்தவருடைய கருவிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றம். வாசல் வராந்தாவைப் பார்க்கும் சாதாரண சிசிடிவியாக அது இருந்துவிட்டால் குற்றவாளி நீங்கள். கோபத்தில் பிடுங்கி எறிவதும் தவறு. மெமரி கார்டும் கைரேகையும் அதில்தான் இருக்கின்றன. துணியால் மூடி, இருந்த இடத்தோடு படம் எடுத்து, அறையை விட்டு வெளியே வந்து 112க்கு அழைக்க வேண்டும். காட்சிகள் இணையத்தில் போயிருக்கும் என்று பயந்தால் cybercrime.gov.in என்ற மத்திய அரசின் இணையவழிக் குற்றப் புகார் தளமும் 1930 என்ற எண்ணும் இருக்கின்றன. பெண்ணை அவளது அந்தரங்க நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையும், மறுமுறைக்கு மூன்று முதல் ஏழாண்டு வரையும் சிறை தரக்கூடிய குற்றம். ஆணோ பெண்ணோ யாருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு இருக்கிறது.

இந்த அறிவுரைகளின் அடியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தேடும் வேலை முழுவதும் பாதிக்கப்படக்கூடியவள் தலையில் ஏற்றப்படுகிறது. அறை வாடகையும் அவள் கொடுக்க வேண்டும், டார்ச்சும் அவள் அடிக்க வேண்டும், செயலியும் அவள் இறக்க வேண்டும். ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் தன் வழியாக வாடகைக்கு விடும் வீடுகளுக்குள் எந்தக் கேமராவும் கூடாது என்று உலகம் முழுக்கத் தடை போட்டது. அதுவரை தெரிவித்துவிட்டு ஹாலில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். ஒளித்து வைப்பவனை இந்த விதி தடுத்துவிடாது. ஆனால் ‘உள்ளே கேமரா இருந்தாலே குற்றம்’ என்றாகிவிட்டால், அது எதற்கு இருக்கிறது என்று வாதாடும் வேலை வாடகைக்கு விட்டவருடையதாகிறது. நம் ஊர்ப்பக்க லாட்ஜ்களுக்கும் உடை மாற்றும் அறைகளுக்கும் இப்படி ஒரு தெளிவான விதி வேண்டும்.

மத்திய அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதிப்படி, 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் எஸ்டிக்யூசி போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் பாதுகாப்புச் சோதனை தாண்டித்தான் விற்பனைக்கு வர வேண்டும். நல்ல விதி, தாமதமாக வந்த விதி. ஏற்கெனவே சுவரில் தொங்குபவற்றை அது தொடாது. மாட்டியவர் போனில் தங்கிவிட்ட கணக்கையும் தொடாது.

மாநிலத்தில் கையில் இருக்கும் சட்டம் ஒன்றை மறந்துவிடுகிறோம். மகளிருக்கும் குழந்தைகளுக்கும் விடுதி நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. மகளைப் படிக்கவோ வேலைக்கோ அனுப்பும் பெற்றோரே, ஸ்கேன் செயலியின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே விடுதிக்கு ஒருமுறை போய், மாவட்ட நிர்வாகம் கொடுத்த அந்த உரிமத்தின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு விடுதி பாருங்கள்.